இரண்டு கேஷ், ஒரு அம்மன் காசு

வாட்ஸப்பில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சுற்றி வரும் ஒரு பட்டியல் இருக்கிறது. ‘ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்’ என்று தலைப்பு. கட்டுமரம் கட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணி மல்லிகட்டானி ஆனது என்று ஆரம்பித்து, கொஞ்ச தூரம் போனதும் ‘காசு கேஷ் ஆனது’ என்று வரும். முதல் மூன்றிலும் பிரச்சினை இல்லை. நாலாவதுதான் சிக்கல். அதைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, உண்மை என்று ஃபார்வர்ட் பண்ணவும் முடியாது.

ஏனென்றால் ஆங்கிலத்தில் கேஷ் என்று ஒரு சொல் இல்லை, ரெண்டு சொல் இருக்கிறது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பொருளும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் பிறப்பு வேறு. நல்ல அகராதிகள் ரெண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கின்றன. நாம் தினமும் சொல்லும் ‘கேஷ்’ தமிழுக்குச் சொந்தமில்லை. இன்னொரு கேஷ் அசல் காசு. அந்த இரண்டாவது கேஷ் கடைசி வரைக்கும் உயிரோடு இருந்த இடங்களில் ஒன்று புதுக்கோட்டை. 1948 வரை அந்தச் சின்ன சமஸ்தானத்துக்கென்று ஒரு செப்புக் காசு இருந்தது. நாணயம் சேகரிப்பவர்களின் கேட்லாக்குகளில் அதன் பெயர் ‘அம்மன் கேஷ்’. ஊரில் அம்மன் காசு. அம்மன் சல்லி என்றும் சொல்வார்கள்.

பட்டியலில் இருக்கிற பெருமையை விட இந்தக் காசின் கதை பெரியது என்பது என் கட்சி. அதைச் சொல்ல முதலில் பட்டியலில் இருக்கிற தவறைப் பிரித்துப் போட வேண்டும்.

*

தினசரி கேஷிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘கப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியனில் ‘காஸ்ஸா’ ஆனது, பிரெஞ்சில் ‘கேஸ்’ ஆனது, போர்ச்சுகீசில் ‘கைஷா’ ஆனது. எல்லா இடத்திலும் பெட்டி என்றே பொருள். வியாபாரிகளின் பணப்பெட்டியும் அதில் அடக்கம். இத்தாலிய வணிகர்கள் கணக்கு எழுதும் முறையை ஐரோப்பா முழுக்கப் பரப்பியபோது இந்தப் பெட்டியும் கூடவே போனது. 1590களில் இது ஆங்கிலத்தில் எழுத்தில் தட்டுப்படுகிறது. அப்போது அதற்கு ரெண்டு பொருள்: பணப்பெட்டி, பெட்டியில் இருக்கும் ரொக்கம். பிறகு மெதுவாகப் பெட்டி உதிர்ந்துபோய் ரொக்கம் மட்டும் தங்கிவிட்டது.

பெட்டியைச் சொல்லிப் பணத்தைக் குறிப்பது விநோதமாகத் தெரிகிறதா? நம்ம ஊர் மளிகைக் கடையில் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது “இன்னிக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்பார்கள். கல்லா என்பது பெட்டி. கேட்பது வசூலை. ‘படம் நல்லாக் கல்லா கட்டுச்சு’ என்கிறோம். கோயிலில் உண்டியல் எண்ணுகிறார்கள் என்றால் எத்தனை பெட்டி என்று யாரும் எண்ணவில்லை. அரசியல் பேச்சில் ‘பெட்டி கைமாறிடுச்சு’ என்றால் உள்ளே என்ன இருந்தது என்று விளக்க வேண்டியதே இல்லை. லத்தீன் கப்ஸாவுக்கு லண்டனில் நடந்ததும் இதேதான். தமிழ் மனசுக்கு இது நன்றாகப் பழக்கமான வேலை.

அப்படியானால் கேஷின் கூடப்பிறந்தவர்கள் யார்? சூட்கேஸில் இருக்கும் கேஸ். சின்னப் பெட்டி என்று பொருள்படும் கேசட். மாத்திரைக் கடையில் கேட்கும் கேப்ஸ்யூல். லாரிக்கு அடியில் இருக்கும் சேஸிஸ். கேஷியர் இந்தப் பெட்டியின் காவலாள். எல்லாமே எதையோ உள்ளே வைத்துக்கொள்ளும் பொருட்கள். காசு இந்தக் குடும்பத்தில் இல்லை.

எதிர்க்கேள்வி ஒன்று வரும். போர்ச்சுகீசியர் 1498லேயே வந்துவிட்டார்களே, அவர்கள் வழியாகக் காசு ஐரோப்பாவுக்குப் போய் கேஷ் ஆகியிருக்கலாமே? ரெண்டு விஷயம் இடிக்கிறது. முதலாவது, பொருள். தமிழில் காசு எந்தக் காலத்திலும் பெட்டியைக் குறித்ததில்லை. ஆங்கிலக் கேஷோ ஆரம்பத்திலேயே பெட்டியையும் குறித்தது. இரண்டாவது, தேதி. கிழக்கிந்தியக் கம்பெனி சாசனம் பெற்றது 1600 டிசம்பர் கடைசி நாளில். சோழமண்டலக் கரையில் மசூலிப்பட்டினத்தில் கிடங்கு போட்டது 1611இல். மதராஸில் இடம் பிடித்தது 1639இல். அதற்கெல்லாம் முன்பே லண்டன் வணிகர்களின் பேச்சில் கேஷ் வந்துவிட்டது.

சத்தம் ஒத்துப்போனால் சொந்தம் ஆகிவிடாது. என் தொழிலில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் தினமும் கேட்கும்: “கேஷ் க்ளியர் பண்ணிட்டுத் திரும்ப லோட் பண்ணிப் பாரு.” இது மூன்றாவது கேஷ். அடிக்கடி தேவைப்படும் தரவை ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே ஒளித்து வைக்கும் வேகமான நினைவகம். ஐபிஎம்மின் சிஸ்டம் 360 மாடல் 85 இயந்திரத்தைப் பற்றி 1968இல் எழுதியபோது புழக்கத்துக்கு வந்த பெயர். ‘ஒளித்து வை’ என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. தமிழில் எழுதினால் இதுவும் கேஷ்தான். பணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரே பெயரில் ரெண்டு வேரியபிள் இருந்தால் ரெண்டும் ஒரே மெமரியைத்தான் காட்டுகிறது என்று எந்த இன்ஜினியரும் நம்ப மாட்டார். எங்கே டிக்ளேர் பண்ணியிருக்கிறது என்று தேடிப் பார்ப்பார். சொல்லாராய்ச்சியும் அதே வேலைதான்.

*

இனி நம்ம காசு.

குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு கிளியைக் காட்டுகிறார். அதன் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழம். புது நூலில் கோக்கிறதற்காகப் பொற்கொல்லர் நகத்தில் பிடித்திருக்கும் பொற்காசு மாதிரி அது இருக்கிறதாம். இங்கே காசு கடையில் கொடுக்கிற பணம் இல்லை. நகையில் கோக்கிற பொன்மணி. மஞ்சள், உருண்டை, நகத்துக்குள் அடங்குகிற அளவு. சொல்லின் வயதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

யாப்பு படித்தவர்களுக்கு இன்னொரு இடம் நினைவிருக்கும். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாலே வாய்பாடு: நாள், மலர், காசு, பிறப்பு. ஸ்கூலில் அலகிட்டு வாய்பாடு எழுதி மார்க் வாங்கிய எல்லோரும் குறளைக் காசில் முடித்துப் பார்த்திருப்பார்கள். காசு இங்கே வெறும் அளவுகோல், ஓசைக்கான எடைக்கல்.

சோழர் காலத்துக்கு வரும்போது காசு முழுப் பணம் ஆகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனின் ஆட்கள் கொடுத்த நிவந்தங்கள் காசுக் கணக்கில் இருக்கின்றன. கோயில் அந்தக் காசை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கும், வட்டி வாங்கும். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அதாவது பன்னிரண்டரை சதவீதம். இன்றைய பர்சனல் லோன் வட்டிக்குப் பக்கத்தில் வருகிறது.

காசு என்ற சொல்லே வடமொழியில் ஒரு எடையைக் குறிக்கும் ‘கர்ஷ’த்திலிருந்து வந்தது என்று ஒரு கட்சி உண்டு. இல்லை, திராவிடச் சொல்தான் என்று இன்னொரு கட்சி. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று மாறாது. காசு என்பது கையில் எடுத்துப் பார்க்கிற ஒரு சின்னப் பொருளின் பெயர். பெட்டி பணத்தை அது இருக்கிற இடத்தை வைத்துச் சொல்கிறது. காசு பணத்தை அந்தப் பொருளை வைத்தே சொல்கிறது.

*

இந்த ரெண்டும் எங்கே மோதின? துறைமுகத்தில்.

தென்னிந்தியக் கரைகளில் இறங்கிய போர்ச்சுகீசியர் சந்தையில் கேட்ட சில்லறை நாணயத்தின் பெயர் காசு. அவர்கள் காதில் அது விழுந்ததும் ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல் போலக் கேட்டது: கைஷா, அவர்கள் ஊர்ப் பணப்பெட்டி. எழுதும்போது அப்படியே எழுதிவிட்டார்கள். புதுப் பெயருக்கு வீட்டிலிருந்த பழைய சட்டையைப் போட்டுவிட்டார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதை எடுத்துத் தங்கள் ‘கேஷ்’ மாதிரியே எழுதினார்கள். உடுப்பு பெட்டியுடையது, உடம்பு தமிழ். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதியிலேயே இந்தக் குழப்பம் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. இணையப் பட்டியல் வருவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னால்.

இந்த இரண்டாவது கேஷ் ஒரு வேலை செய்தது, அதைப் பட்டியல்காரர்கள் யாரும் சொல்வதில்லை. கிழக்கே மேலும் போன ஐரோப்பிய வணிகர்கள் சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசைப் பார்த்தார்கள். சீனர்கள் அதைச் ‘சியென்’ என்றார்கள். ஐரோப்பியர் காதில் வாங்கவில்லை. சின்னச் செப்புக் காசு என்றால் கேஷ் என்று கோரமண்டலில் கற்றுக்கொண்ட பழக்கத்தில் அதையும் கேஷ் என்றே எழுதினார்கள். இன்று உலகத்தின் எந்த மியூசியத்துக்குப் போனாலும் சீன நாணயத்துக்குக் கீழே ‘கேஷ்’ என்று சீட்டு இருக்கும். சீனக் காசுக்குத் தமிழ்ப் பெயர். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் மண்ணுக்கடியில் சீனச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கடலில் பொருள் இந்தப் பக்கம் வந்தது, பெயர் அந்தப் பக்கம் போனது.

போக்கு ஒருவழி இல்லை. சென்னை ரோட்டில் பேசும் ‘துட்டு’ டச்சுக்காரர்களின் ‘டைட்’ என்ற செப்புக் காசிலிருந்து வந்தது என்பார்கள். துட்டைக் கேட்டு யாருக்கும் வெளிநாட்டு வாடை அடிப்பதில்லை. நம்ம பணம் ஆங்கிலேயர் வாயில் ‘ஃபனம்’ ஆனது. சல்லி இலங்கையில் சிங்களப் பேச்சிலும் பணம். ஜல்லிக்கட்டு என்ற பெயரே மாட்டுக் கொம்பில் கட்டும் சல்லிக்காசிலிருந்து வந்தது என்பது நாம் எல்லோரும் கேட்ட விளக்கம்.

*

கம்பெனியின் மதராஸ் கணக்கு ரொம்ப காலம் இப்படி ஓடியது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலக் கணக்கேடுகளில் இது 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு ஸ்டார் பகோடா. வராகனைப் பார்த்திருப்பவர் சிலர். காசு எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். ஆகவே தட்டுப்பாடு எப்போதும் காசுக்குத்தான்.

அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க இங்கிலாந்தில் காசு அடித்தார்கள். பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில், நீராவியால் ஓடும் இயந்திரங்களில், 1808 என்று வருஷம் போட்ட பத்துக் காசும் இருபது காசும். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் இத்தனை ‘காஸ்’ இத்தனை ‘ஃபுலூஸ்’ என்ற கணக்கு, அதற்குக் கீழே ரோமன் எண்ணோடு ஆங்கிலத்தில் ‘கேஷ்’. ஒரே நாணயத்தில் ஒரே தமிழ்ச் சொல் ரெண்டு வேற்று எழுத்தில். தமிழ் எழுத்தில் மட்டும் இல்லை.

அதில் பெரிய சரக்கு ஒன்று மதராஸ் வந்து சேரவேயில்லை. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு முழுதாக விலகும் முன்பே குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி உடைந்தது. டன் கணக்கில் செப்புக் காசு கடலுக்குள் போனது. 1980களில் முக்குளித்து எடுத்தபோது காசு லட்சக்கணக்கில் கிடைத்தது. மதராஸ் சந்தையில் கத்தரிக்காய்க்குக் கைமாறியிருக்க வேண்டிய காசு, இன்று ஏலத் தளங்களில் ‘கப்பல் புதையல்’ என்று விற்கிறது.

1818 வாக்கில் மதராஸ் மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. அணா, பை வந்தன. கேஷ் ஆங்கில ஆட்சிப் பகுதியின் கணக்கேடுகளிலிருந்து மெல்ல வெளியேறியது. சமஸ்தானங்களில் மட்டும் தங்கியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கு கடைசி வரை ஓடியது. தமிழ் பேசும் பகுதிக்கு நடுவில், நாலு பக்கமும் ஆங்கிலேய மாவட்டங்கள் சூழ, ஒரு சின்ன ராஜ்யமும் காசை விடவில்லை.

*

புதுக்கோட்டை.

தொண்டைமான்கள் 1686 வாக்கிலிருந்து ஆண்ட நாடு. அவர்களின் குலதெய்வம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். பல்லவர் காலக் குடைவரையைச் சுற்றி வளர்ந்த கோயில், இன்று புதுக்கோட்டை நகருக்குள்ளேயே இருக்கிறது. ராஜாக்கள் தங்கள் பட்டப்பெயரில் ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்று போட்டுக்கொண்டார்கள். நாடு அம்மனுடையது, தாங்கள் வேலைக்காரர்கள் என்பது அதன் அர்த்தம்.

ஊர் மரபு சொல்லும் கதை இது. 1738இல் விஜய ரகுநாதராயத் தொண்டைமான் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார். மௌன விரதத்தில் இருந்த அவர் ராஜாவுக்குச் சொல்ல வேண்டியதை மணலில் எழுதிக் காட்டினார். அந்த மணலை ராஜா மேல்துண்டில் அள்ளிக்கொண்டு போய் அரண்மனையில் வைத்துப் பூஜித்தார். நவராத்திரியைப் பெரிதாக எடுக்கிற வழக்கமும் அம்மன் காசும் அந்தச் சந்திப்போடு சேர்த்தே சொல்லப்படுகின்றன.

காசு எப்படி இருக்கும்? சுண்டு விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. எடை ஒரு கிராம் சொச்சம். ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மன். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. ராஜா தலை இல்லை. வருஷம் இல்லை. மதிப்பும் எழுதியிருக்காது. எழுதத் தேவையும் இல்லை, ஏனென்றால் அதற்குக் கீழே வேறு காசே கிடையாது. இருபது அம்மன் காசு ஒரு அணா. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 320.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சுற்றியிருந்த திருச்சி, தஞ்சை, மதுரை எல்லாம் ஆங்கிலேய மாவட்டம். அங்கே இருந்ததிலேயே சின்னக் காசு பை. ரூபாய்க்கு 192 பை. எல்லையைத் தாண்டிப் புதுக்கோட்டைக்குள் வந்தால் பையையும் விடச் சின்னதாக ஒரு காசு செல்லுபடி. ஒரு ஊரில் இருக்கிற மிகச் சின்னக் காசுதான் அங்கே நடக்கக்கூடிய மிகச் சின்ன வியாபாரத்தைத் தீர்மானிக்கிறது. அதைவிடச் சின்னதாக வாங்க வேண்டியவர் ஒன்று கடன் சொல்ல வேண்டும், இல்லை தேவைக்கு மேல் வாங்க வேண்டும், இல்லை வாங்காமல் போக வேண்டும். பணக்காரருக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. ரூபாயை 320 துண்டாக உடைப்பது கூலிக்காரருக்காக, ஒரு பிடி கீரை விற்கிற கிழவிக்காக.

இது சந்தையோடு நிற்கவில்லை. நவராத்திரி நாட்களில் சமஸ்தானம் வந்தவர்களுக்கெல்லாம் அரிசி அளந்து கொடுக்கும். அரிசியோடு அம்மன் காசும் கொடுக்கும். வரிசையில் நின்ற ஏழையின் கைக்கு அரசாங்கம் நேராகப் போய்ச் சேர்ந்தது இந்த வழியில். நிக்கோலஸ் டிர்க்ஸ் என்ற மானுடவியலாளர் புதுக்கோட்டையைப் பற்றி 1987இல் எழுதிய ‘தி ஹாலோ க்ரௌன்’ நூலின் சாரமே இதுதான்: இங்கே ராஜா என்பவர் வாங்குகிறவர் என்பதை விடக் கொடுக்கிறவர். நிலம் கொடுப்பது, விருது கொடுப்பது, முதல் மரியாதை கொடுப்பது, இவற்றால்தான் அரசு கட்டப்பட்டிருந்தது.

அந்தக் கொடுக்கல் முறைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் வீண்செலவு. திவானாக வந்த சேஷையா சாஸ்திரி திறமைசாலி. நகரத்தின் நேர்த்தெருக்களையும் குளங்களையும் சீர்செய்தவர். ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவனாக இருந்ததால் 1886 முதல் 1894 வரை ஆட்சிப் பொறுப்பு சாஸ்திரி கையில். 1888இல் இனாம் நிலங்கள் ஒரு தீர்வுக்குக் கொண்டுவரப்பட்டன. சேவைக்காகக் கொடுத்த நிலங்கள் கணக்கெடுத்து வரிக் கணக்குக்குள் வந்தன. ராஜாவுக்கும் குடிக்கும் இடையே இருந்த ‘கொடுத்தேன், பெற்றேன்’ உறவு பெரும்பகுதி ‘வரி, ரசீது’ உறவாக மாறியது.

அடுத்த வருஷம், 1889இல், அம்மன் காசு பர்மிங்ஹாமில் அச்சடித்து வந்தது.

அடித்தது ஹீட்டன் ஆலை. போல்ட்டனின் சோஹோ ஆலை 1850இல் ஏலத்துக்கு வந்தபோது அதன் அச்சு இயந்திரங்களை வாங்கி நாணயத் தொழிலுக்கு வந்தவர் ரால்ஃப் ஹீட்டன். குட்வின் மணலில் முழுகிய மதராஸ் கேஷுக்கும் திருக்கோகர்ணத்து அம்மன் காசுக்கும் ஒரே பட்டறைப் பரம்பரை. இயந்திரம் வந்தபிறகு அம்மன் முகம் தெளிவானது, ஓரம் சீரானது. கையால் அடித்த பழைய காசில் அம்மன் பாதி உள்ளே பாதி வெளியே இருப்பார். அதைப் பார்த்தால் அவரவர் வீட்டு அம்மன் மாதிரி இருக்கும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள்.

நிலக் கொடை கணக்கேட்டுக்குள் போனது. காசுக் கொடை மட்டும் மிஞ்சியது. அதனால்தான் அந்தச் சின்னச் செம்பில் எனக்கு ராஜ்யத்தின் மிச்சம் தெரிகிறது. ஒரு பழைய ஏற்பாட்டில் பெரிய பொருட்களெல்லாம் பறிபோனபிறகு, யாரும் பொறாமைப்படாத அளவுக்குச் சின்னதாக இருந்த ஒன்றே ஒன்று தப்பித்திருக்கிறது.

*

இப்போது அந்தக் காசை உள்ளங்கையில் வைத்து, பட்டியல்காரர் கண்ணோடு பாருங்கள். இது யாருடையது? தெய்வத்தின் பெயர் வடமொழி. எழுத்து தெலுங்கு. அடித்த ஊர் இங்கிலாந்து. கேட்லாக்கில் இருக்கும் பெயரோ போர்ச்சுகீசியப் பெட்டியின் உடுப்பைப் போட்ட தமிழ். அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள் பேசியது மட்டும் கலப்பில்லாத புதுக்கோட்டைத் தமிழ். தூய்மையைத் தேடி இந்தக் காசிடம் போனால் வெறுங்கையோடு வர வேண்டியதுதான். ஆனாலும் இது தமிழ்க் காசு இல்லை என்று எந்தப் புதுக்கோட்டைக்காரரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

‘கேஷ் தமிழிலிருந்து வந்தது’ என்ற வரியில் எனக்கு வருத்தம் இதுதான். பெரிய சொல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் அவசரத்தில், நிஜமாகவே நம்முடையதாக இருந்த சின்னக் காசைக் கீழே போட்டுவிடுகிறோம். லண்டன் வங்கியின் பெட்டிக்கு உரிமை கோருகிறவருக்கு, சீன நாணயத்துக்குப் பெயர் கொடுத்தது நம்ம சந்தை என்பது தெரிவதில்லை. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை இந்திய யூனியனில் இணைந்தபோது ஒரு காசு ஓசையில்லாமல் செல்லாக்காசு ஆனது என்பதும் தெரிவதில்லை. ராஜகோபாலத் தொண்டைமானின் அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அரண்மனைக்கு மறுவேலை கிடைத்தது. காசுக்குக் கிடைக்கவில்லை, மியூசியத்தைத் தவிர.

பேச்சில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்’ என்று சொல்லி ஐடி வேலைக்காரனைக் கிண்டல் செய்யும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘அம்மஞ்சல்லிக்குப் பிரயோஜனமில்லை’ என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரகதாம்பாளுக்கு ஊரில் வழங்கும் இன்னொரு பெயர் அரைக்காசு அம்மன். அந்தக் காசில் இருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். எதையாவது தொலைத்தவர்கள் அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்கிறார்கள். சென்னையில் வண்டலூர் பக்கம் ரத்தினமங்கலத்திலும் அரைக்காசு அம்மனுக்குக் கோயில் வந்துவிட்டது. செல்லாத காசிலிருந்து இறங்கி வந்து, தொலைந்த ஸ்கூட்டர் சாவியைத் தேடிக் கொடுக்கிறாள்.

2011 ஜூனோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே இருந்ததும் செல்லாது என்று அரசு அறிவித்தது. அதோடு ரூபாயை நாலாக உடைக்கும் காசும் போனது. ஒருகாலத்தில் 320 ஆக உடைந்த ரூபாய்.

சில்லறை போனாலும் சொல் போகவில்லை. போகாததோடு இடமும் மாற்றிக்கொண்டிருக்கிறது. இன்று புதுக்கோட்டை கீழராஜ வீதியில் எந்தக் கடையிலும் கேட்கும் கேள்வி: “கேஷா, ஜிபே-யா?” இங்கே கேஷ் என்றால் கையில் பிடிக்கிற தாள். பெட்டியில் பிறந்த சொல் கைக்கு வந்துவிட்டது. அதே வாய் அடுத்த நிமிஷம் “காசு அனுப்பிட்டேன், வந்துச்சா பாருங்க” என்கிறது. நகத்தில் பிடித்த பொன்மணியாக ஆரம்பித்த காசு, எடையோ உருவமோ இல்லாமல் ஏதோ ஒரு சர்வரில் ஒரு எண்ணாகப் போய்ச் சேர்கிறது. “கேஷ் இல்லைண்ணே, காசு அக்கவுன்ட்ல இருக்கு” என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லும்போது அவருக்கு ரெண்டு சொல்லும் தேவைப்படுகிறது, ரெண்டும் வெவ்வேறு பொருளில். அண்ணாச்சி குழம்புவதே இல்லை. “பரவால்ல தம்பி, ஸ்கேன் பண்ணுங்க” என்கிறார்.